தோற்ற பிள்ளைக்கு இன்னோர் ஆட்டம் வேண்டும்

16 அணிகள் வந்தால் 15 ஆட்டங்கள். 23 அணிகள் வந்தால் 22. நூறு அணிகள் வந்து நின்றாலும் 99 ஆட்டங்களில் கோப்பை யாருக்கென்று தெரிந்துவிடும். நாக்-அவுட் போட்டியின் வலிமை முழுவதும் இந்த எளிய கழித்தலில் இருக்கிறது. ஒவ்வோர் ஆட்டமும் ஓர் அணியை வெளியேற்றுகிறது. ஒன்றைத் தவிர எல்லா அணிகளும் வெளியேறியாக வேண்டும். ஆகவே அணிகளின் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்தால் ஆட்டங்களின் எண்ணிக்கை வந்துவிடும்.

அந்தச் சிக்கனத்துக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். அதே 16 அணிகளில் 8 அணிகள் ஒரே ஓர் ஆட்டத்தோடு ஊர் திரும்புகின்றன. இன்னும் 4 அணிகளுக்கு இரண்டு ஆட்டம். மூன்றாவது ஆட்டம் ஆடக் கிடைப்பது மீதி 4 அணிகளுக்குத்தான். பணமும் புகழும் பெற்று ஆடுகிற பெரியவர்களுக்கு இது பொருந்தலாம். ஆடுகிறவள் பன்னிரண்டு வயதுச் சிறுமி என்றால் பொருந்தாது. பள்ளிகளுக்கு இடையிலான குறுவட்டப் போட்டிகளில், முதலில் 14 வயதுக்குட்பட்டோர் பிரிவிலாவது, ஒரு தோல்வியோடு வீட்டுக்கு அனுப்பும் வழக்கத்தை நாம் கைவிட வேண்டும்.

காவிரியின் கடைமடைப் பகுதி அரசுப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கபடி, கோ-கோ, எறிபந்து, வாலிபால் என்று பல அணிகளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். குறுவட்டப் போட்டிகளுக்கு மற்ற ஆசிரியர்களோடு உட்கார்ந்து பிக்ஸ்சர், அதாவது யார் யாரோடு ஆடுவது என்ற அட்டவணை, போட்டிருக்கிறேன். நாக்-அவுட் எனக்குப் பிடிக்காத முறை ஒன்றும் இல்லை. தோற்றால் வெளியே என்ற நிலையில் ஆடும்போது வருகிற வேகம் லீக் ஆட்டத்தில் வராது. பெயர் தெரியாத ஊர் அணி ஒன்று வந்து கோப்பைக்காரர்களைச் சாய்த்துவிட்டுப் போகும் அழகும் அதில் உண்டு. இரவு முழுக்க நடக்கும் மின்னொளி கபடியில் அந்த அழகை நான் ரசித்திருக்கிறேன். என் வழக்கு பிள்ளைகளைப் பற்றியது மட்டுமே.

எங்கள் பள்ளிக் கபடி அணியில் ஒரு சிறுமி இருந்தாள். வலது கார்னரில் நிற்பாள். பாடி வருகிறவளின் கணுக்காலைப் பிடித்தால் விடமாட்டாள். பள்ளி முடிந்த பிறகு பயிற்சிக்கு நிறுத்திக்கொள்ள அவள் அப்பாவிடம் நானே போய்க் கேட்டு அனுமதி வாங்கினேன். வயல் வேலைக்குப் போகிறவர். பெண்பிள்ளை இருட்டுவதற்குள் வீடு வந்துவிட வேண்டும் என்று மட்டும் சொல்லி ஒப்புக்கொண்டார். குறுவட்டப் போட்டியில் முதல் ஆட்டமே எங்களுக்குச் சென்ற ஆண்டு வென்ற அணியோடு விழுந்தது. காலை பதினொரு மணிக்குள் எல்லாம் முடிந்தது. அன்று மாலை அவர் என்னிடம் கேட்டார்: “ஒரு ஆட்டத்துக்கா டீச்சர் இத்தன நாளு சாயங்காலம் புள்ளைய நிறுத்தி வச்சீங்க?” கோபம் இல்லை அந்தக் குரலில். கூலிக் கணக்குக் கேட்பவர்போலக் கேட்டார். மறு ஆண்டு அந்தப் பிள்ளை பயிற்சிக்கு வரவில்லை.

அவளுக்கு அந்த ஆண்டின் கபடி என்பது அந்த ஒரு காலை மட்டும்தான். குறுவட்டத்தில் வென்றால் மாவட்டம், மாவட்டத்தில் வென்றால் மாநிலம் என்று ஏணி போகிறது. முதல் படியில் கால் தவறியவளுக்கு அடுத்த ஆண்டுவரை ஏணியே கிடையாது.

பிக்ஸ்சர் தாள் சொல்வது

விளையாட்டு மைதானத்துக்கு வெளியே இருப்பவர்களுக்கு இந்த முறையின் உள்விவரம் அவ்வளவாகத் தெரியாது. தெரிந்தால்தான் என் வாதம் புரியும்.

நாக்-அவுட் சிக்கலில்லாமல் ஓட 2, 4, 8, 16, 32 என்று இரட்டித்துக்கொண்டே போகும் எண்கள் தேவை. வருகிற அணிகள் அப்படிக் கணக்காக வருவதில்லை. 11 அணிகள் வந்தால் அடுத்த இரட்டிப்பு எண் 16. அதில் 11 போனால் 5. ஐந்து அணிகளுக்கு முதல் சுற்றில் ‘பை’ கொடுக்க வேண்டும். ஆடாமலே இரண்டாம் சுற்றுக்குப் போகும் சலுகை அது. தாளை மேல்பாதி, கீழ்பாதி என்று பிரித்து மேலே 6 அணிகளையும் கீழே 5 அணிகளையும் எழுதுவோம். முதல் பை கீழ்பாதியின் கடைசி அணிக்கு, இரண்டாவது மேல்பாதியின் முதல் அணிக்கு, மூன்றாவது கீழ்பாதியின் முதல் அணிக்கு, நான்காவது மேல்பாதியின் கடைசி அணிக்கு என்று மாற்றி மாற்றிப் போகும். முதல் சுற்றில் 3 ஆட்டம், அடுத்து 4, பிறகு 2, கடைசியில் 1. மொத்தம் 10.

அளவு பெரிதானாலும் கணக்கு இதுவே. 2023இல் பாகு நகரில் நடந்த செஸ் உலகக் கோப்பைக்கு 206 பேர் வந்தார்கள். 256இல் 206 போக மீதி 50. தரவரிசையில் முன்னே இருந்த 50 பேர் முதல் சுற்று ஆடவில்லை. நம் பிரக்ஞானந்தா 18 வயதில் இறுதிவரை போய்க் கார்ல்சனிடம் டைபிரேக்கரில் தோற்றது அந்தப் போட்டியில்தான்.

பை யாருக்குப் போகிறது என்பதைக் கவனியுங்கள். சென்ற ஆண்டு வென்ற அணியை மேல்பாதியின் முதல் எண்ணிலும், இரண்டாம் இடம் பெற்ற அணியை கீழ்பாதியின் கடைசி எண்ணிலும் வைப்பது வழக்கம். இருவரும் இறுதிக்கு முன் மோதிவிடக் கூடாது என்பதற்காகச் செய்யும் இந்த ஏற்பாட்டுக்கு சீடிங் என்று பெயர். முதல் இரண்டு பைகளும் அதே இரண்டு இடங்களுக்குத்தான் போகின்றன. மற்ற அணிகளுக்குச் சீட்டுக் குலுக்கல். சரியாக 8 அல்லது 16 அணிகள் வந்து பை இல்லாமல் போனால், யாரோ ஒரு புதிய பள்ளிக்கு முதல் ஆட்டமே சாம்பியனோடு விழும். அந்த ஆண்டுதான் அணி கட்டியிருப்பார்கள். இரண்டு பேருக்குக் காலில் ஷூ இருக்காது. 40க்கு 6 என்று தோற்றுவிட்டு மதியச் சாப்பாட்டைப் பிரிப்பதற்கு முன்பே பேருந்து நிறுத்தத்துக்குப் போவார்கள். வலுத்த இரண்டு அணிகளைக் காப்பாற்ற விதி எழுதிய நாம், இளைத்த அணிக்கு ஒரு வரியும் எழுதவில்லை.

சிறந்த அணியையாவது காட்டுகிறதா?

“சிறந்த அணியைத் தேர்ந்தெடுப்பதுதானே போட்டியின் நோக்கம்” என்று என் சக ஆசிரியர்கள் சொல்வதுண்டு. அதிலும் நாக்-அவுட் நாம் நினைக்கும் அளவுக்குக் கெட்டியான முறை இல்லை.

எந்த அணியோடு ஆடினாலும் பத்துக்கு ஏழு தடவை வெல்லக்கூடிய ஓர் அணி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குறுவட்டத்தில் அது மிகப் பெரிய பலம். 16 அணிகள் உள்ள நாக்-அவுட்டில் அது கோப்பை வாங்கத் தொடர்ந்து நான்கு ஆட்டம் வெல்ல வேண்டும். 0.7ஐ நான்கு முறை பெருக்கினால் 0.24. அதாவது நான்கு போட்டிக்கு ஒரு போட்டியில்தான் அந்தச் சிறந்த அணி கோப்பையோடு வரும். மற்ற மூன்றில் எங்கோ ஒரு மோசமான இருபது நிமிடம் அதை வெளியே தள்ளிவிடும்.

இரண்டாம் இடத்தின் கதை இன்னும் மோசம். ஆலிஸின் அற்புத உலகக் கதைகளை எழுதிய லூயிஸ் கரோல் ஆக்ஸ்ஃபோர்டில் கணித விரிவுரையாளராக இருந்தவர். 1883இல் அவர் டென்னிஸ் போட்டிகளின் பரிசுமுறை தவறு என்று நிறுவி ஒரு சிறு நூலே வெளியிட்டார். 32 பேர் ஆடும் நாக்-அவுட்டில், திறமை அதிகமுள்ளவரே எப்போதும் வெல்வார் என்று வைத்துக்கொண்டாலும், இரண்டாவது சிறந்த ஆட்டக்காரருக்கு இரண்டாம் பரிசு கிடைக்கும் வாய்ப்பு 31க்கு 16 மட்டுமே. குலுக்கலில் அவர் முதல்வர் இருக்கும் பாதியிலேயே விழுந்துவிட்டால் இறுதிக்கு முன்பே தோற்றுப் போய்விடுவார். முதல் நால்வருக்கும் உரிய பரிசு உரியபடி போய்ச் சேர்வதற்கு 12க்கு 1 என்ற அளவில் எதிர்வாய்ப்பு இருக்கிறது என்றும் அவர் கணக்கிட்டார். விம்பிள்டனில் முழுமையான சீடிங் 1927இல்தான் வந்தது. அதனால் முன்னணியில் இருப்பவர்களுக்கு நியாயம் ஓரளவு கூடியது. சீடிங் பட்டியலில் பெயர் இல்லாதவர்களுக்கு நிலைமை பழையபடிதான்.

பள்ளி விளையாட்டில் இதன் விளைவை நான் நேரில் பார்த்தேன். மாவட்ட அணிக்கு ஆள் தேர்ந்தெடுப்பவர்களின் கண் அரையிறுதியிலும் இறுதியிலும்தான் கூர்மையாக இருக்கும். இளைத்த அணியில் இருக்கும் நல்ல ரெய்டர் முதல் சுற்றிலேயே வெளியேறிவிடுகிறாள். அவளைச் சரியாகப் பார்த்தவர் யாரும் இல்லை. நல்ல அணி மேலே போகிறதோ இல்லையோ, நல்ல ஆட்டக்காரி பல சமயம் கீழேயே தங்கிவிடுகிறாள்.

பெரியவர்கள் தமக்குச் செய்துகொண்ட வழி

இந்த முறையின் குறைகளைப் பெரிய போட்டிகள் ஒவ்வொன்றாகக் கண்டு திருத்திக்கொண்டே வந்திருக்கின்றன.

1877இல் முதல் விம்பிள்டனுக்கு 22 ஆடவர்கள் பெயர் கொடுத்தார்கள். 22 பேர் 11 ஆனார்கள், 11 பேர் ஒரு பையோடு 6 ஆனார்கள், 6 பேர் 3 ஆனார்கள். அரையிறுதியில் மூன்று பேர். ஒருவரை ஆடாமலே இறுதிக்கு அனுப்புவதைத் தவிர வழியில்லை. வில்லியம் மார்ஷலுக்கு அந்த யோகம் வாய்த்தது. இறுதியில் ஸ்பென்சர் கோர் அவரை நேர் செட்டுகளில் வென்றார். பைகள் எல்லாவற்றையும் முதல் சுற்றிலேயே கொடுத்துத் தீர்த்துவிடும் முறை பிறகு வந்தது. நாங்கள் பள்ளிகளில் போடும் பிக்ஸ்சரும் அதுவே.

1934இல் இத்தாலியில் நடந்த கால்பந்து உலகக் கோப்பை முதல் சுற்றிலிருந்தே நாக்-அவுட். 16 அணிகள். மே 27 ஒரே நாளில் எட்டு அணிகள் வெளியேறின. அட்லாண்டிக்கைக் கப்பலில் கடந்து வந்த பிரேசில் ஸ்பெயினிடம் 3-1 என்று தோற்றது. அர்ஜென்டினா ஸ்வீடனிடம் 3-2 என்று தோற்றது. அவ்வளவு கடல் தாண்டி வந்ததற்குத் தலைக்கு ஓர் ஆட்டம். 1938இலும் அதே முறை. டச்சுக் கிழக்கிந்தியா என்ற பெயரில் இன்றைய இந்தோனேசியா அந்தப் போட்டிக்குப் போய் ஹங்கேரியிடம் 6-0 என்று தோற்றுத் திரும்பியது. இன்றுவரை அந்த நாடு உலகக் கோப்பையில் ஆடிய ஆட்டம் அது ஒன்றே. அதே ஆண்டு ஆஸ்திரியாவை ஜெர்மனி விழுங்கிவிட்டதால் எதிரணி இல்லாமல் ஸ்வீடன் நேராகக் காலிறுதிக்குப் போனது. அங்கே கியூபாவை வென்றது. அந்த ஒரே வெற்றியோடு நான்காம் இடம் பெற்றது.

அதன் பிறகு முதல் சுற்றிலிருந்தே நாக்-அவுட் என்ற முறை உலகக் கோப்பைக்குத் திரும்பவே இல்லை. 1950இலிருந்து தொடக்கத்தில் பிரிவு ஆட்டங்கள். 2026 உலகக் கோப்பைக்கு வகுத்த திட்டத்தில் 48 அணிகள், 12 பிரிவுகள். எவ்வளவு எளிய அணியாக இருந்தாலும் மூன்று ஆட்டம் உறுதி.

ஐபிஎல் 2011இல் அரையிறுதி முறையைக் கைவிட்டது. லீக்கில் முதல் இரண்டு இடம் பிடித்தவர்கள் பிளே-ஆஃபில் ஒரு முறை தோற்றாலும் இன்னொரு வாய்ப்பு உண்டு. 2013இல் மும்பை முதல் குவாலிஃபயரில் சென்னையிடம் தோற்றது. இரண்டாவது குவாலிஃபயரில் ராஜஸ்தானை வென்று, இறுதியில் அதே சென்னையை வீழ்த்திக் கோப்பையை எடுத்துக்கொண்டது. சென்னை ரசிகர்களுக்கு அது கசப்பாக இருந்திருக்கும். ஆனாலும் லீக் முழுக்க நன்றாக ஆடிய அணியை ஒரு மாலைப் பொழுதை வைத்துத் தூக்கி எறியக் கூடாது என்ற விதி நல்ல விதி.

கோடிக்கணக்கில் பணம் புரளும் இடங்கள் பலவற்றில் முதல் தோல்விக்குப் பிறகும் ஓர் ஆட்டம் வைத்திருக்கிறார்கள். காசு வாங்காமல், கடன் வாங்கிய ஜெர்சியில் ஆடுகிற பிள்ளைகளுக்குத்தான் நாம் இன்னும் 1934ஆம் ஆண்டின் விதியை வைத்திருக்கிறோம்.

தோற்றுவிட்டு வென்றவர்கள்

2016 ரியோ ஒலிம்பிக்கில் சாக்‌ஷி மாலிக் வெண்கலம் வென்றார். ஒலிம்பிக்கில் பதக்கம் பெற்ற முதல் இந்திய மல்யுத்த வீராங்கனை அவர். அந்தப் போட்டியின் காலிறுதியில் அவர் ரஷ்ய வீராங்கனையிடம் தோற்றிருந்தார். மல்யுத்தத்தில் ரெப்பஷாஜ் என்று ஒரு விதி இருக்கிறது. உங்களை வென்றவர் இறுதிக்குப் போய்விட்டால், அவரிடம் தோற்ற உங்களுக்கு வெண்கலத்துக்கான வாசல் திறக்கும். மிகப் பலமான ஒருவரிடம் சீக்கிரமே மாட்டிக்கொண்டது உங்கள் குற்றமில்லை என்பதை அந்த விதி ஏற்கிறது. அந்த வாசல் வழியாகப் போய் இரண்டு ஆட்டங்களை வென்று பதக்கத்தோடு வந்தார் சாக்‌ஷி. வெறும் நாக்-அவுட்டாக இருந்திருந்தால் அந்தப் பதக்கமே இல்லை.

செஸ்ஸில் நம் குகேஷை எடுத்துக்கொள்ளுங்கள். உலக சாம்பியனோடு மோதப்போகிறவரைத் தேர்ந்தெடுக்க 2024இல் டொராண்டோவில் நடந்த கேண்டிடேட்ஸ் போட்டியின் ஏழாவது சுற்றில் அவர் ஃபிரூஜாவிடம் தோற்றார். எட்டுப் பேரும் ஒருவரோடு ஒருவர் இரண்டு முறை ஆடும் 14 சுற்றுப் போட்டி அது. ஆகவே அடுத்த சுற்றிலும் பலகை அவருக்காகக் காத்திருந்தது. போட்டியை வென்றார். அதே ஆண்டு நவம்பர், டிசம்பரில் சிங்கப்பூரில் டிங் லிரெனோடு நடந்த உலக சாம்பியன் போட்டியில் முதல் ஆட்டத்திலேயே தோற்றார். 14 ஆட்டங்கள் முடிந்தபோது 18 வயதில் உலக சாம்பியன் ஆனார்.

விஸ்வநாதன் ஆனந்த் கதையும் இதற்குள் வருகிறது. 1997 டிசம்பரில் குரோனிங்கனில் நாக்-அவுட் சுற்றுகள் பலவற்றைத் தாண்டி வென்ற அவர், களைப்புத் தீர்வதற்குள் லோசானில் கார்ப்போவோடு சாம்பியன் பட்டத்துக்கு ஆட வேண்டியிருந்தது. கார்ப்போவுக்கு நேராக இறுதியிலேயே இடம். செஸ் வரலாற்றில் அதைவிடப் பெரிய பை நான் அறிந்து இல்லை. ஆறு ஆட்டங்களில் சமமாக இருந்து, அதிவேக ஆட்டங்களில் ஆனந்த் தோற்றார். பிறகு 2000இல் நாக்-அவுட்டிலும், 2007இல் மெக்சிகோவில் எல்லோரும் எல்லோரோடும் ஆடும் போட்டியிலும், 2008இல் பான் நகரில் கிராம்னிக்கோடு நேருக்கு நேரிலும் உலக சாம்பியன் பட்டத்தை வென்று காட்டினார்.

தமிழ்நாட்டுச் செஸ் ஏன் இப்படி வளர்ந்தது என்பதற்குப் பல காரணங்கள் உண்டு. அதில் ஒன்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை. செஸ் பிள்ளைகள் சிறு வயதில் ஆடும் போட்டிகள் பெரும்பாலும் சுவிஸ் முறையில் நடப்பவை. 1895இல் சூரிச் நகரில் முதன்முதலில் பயன்பட்ட முறை அது. யாரும் வெளியேற்றப்படுவதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய ஒரே புள்ளி வைத்திருப்பவர்களை மோதவிடுவார்கள். முதல் சுற்றில் தோற்ற பிள்ளைக்கு அடுத்த சுற்றில் தன்னைப் போலத் தோற்ற இன்னொரு பிள்ளை எதிரே உட்காரும். 2022இல் மாமல்லபுரத்தில் நடந்த செஸ் ஒலிம்பியாட்டும் இப்படித்தான் 11 சுற்று நடந்தது. முதல் நாள் தோற்ற சிறிய நாடுகளும் கடைசி நாள்வரை ஆடின. சனி, ஞாயிறு ஒரு செஸ் போட்டிக்குப் போகும் குழந்தை ஆறேழு ஆட்டம் ஆடிவிட்டு வருகிறது. கபடிக்குப் போகும் குழந்தை ஒன்று ஆடிவிட்டு வருகிறது. பத்து வயதிலிருந்து பதினைந்து வயதுவரை இந்த வித்தியாசம் எவ்வளவு அனுபவமாகச் சேரும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஒரே நாளில் முடியுமா?

“நேரம் எங்கே இருக்கிறது, மைதானம் எங்கே இருக்கிறது” என்பது உண்மையான கேள்வி. 16 அணிகளும் ஒன்றோடொன்று ஆடும் முழு லீக் என்றால் 120 ஆட்டம் வேண்டும். அதை யாரும் கேட்கவில்லை.

12 பள்ளிகள் வரும் ஒரு கபடிப் போட்டியை எடுத்துக்கொள்வோம். நாக்-அவுட் என்றால் 11 ஆட்டம். பாதிக்கு 15 நிமிடம், இடைவேளை 5 நிமிடம், அணி மாறும் நேரத்தையும் சேர்த்தால் ஓர் ஆட்டத்துக்கு 40 நிமிடம் ஆகும். மொத்தம் 440 நிமிடம். இனி, மூன்று மூன்றாக நான்கு பிரிவு போடுங்கள். ஒவ்வொரு பிரிவிலும் 3 ஆட்டம், ஆக 12. நான்கு பிரிவுகளின் முதல்வர்களுக்கு இரண்டு அரையிறுதி, ஓர் இறுதி. மொத்தம் 15 ஆட்டம். பாதியை 15 நிமிடத்திலிருந்து 10 நிமிடமாகக் குறைத்தால் ஓர் ஆட்டத்துக்கு 30 நிமிடம். மொத்தம் 450 நிமிடம்.

கூடுதலாகத் தேவைப்படுவது 10 நிமிடம். எந்தப் பள்ளியும் ஒரே ஆட்டத்தோடு திரும்பாது. இறுதிவரை போகும் அணி ஆடுவது நான்கு ஆட்டம், 80 நிமிடம். நாக்-அவுட்டில் அதே அணி மூன்று அல்லது நான்கு ஆட்டத்தில் 90லிருந்து 120 நிமிடம் ஓடியிருக்கும். ஆகவே வென்றவர்களுக்கும் இது இலகுவானது. இரண்டு ஆடுகளம் போட்டால் நாலு மணி நேரத்துக்குள் எல்லாம் முடியும். பெண்பிள்ளைகள் இருட்டுவதற்கு முன் வீடு சேர்ந்துவிடலாம்.

16 பள்ளிகள் வந்து பிரிவு போட நேரமே இல்லை என்றால் இன்னொரு வழி உண்டு. முதல் ஆட்டத்தில் தோற்ற 8 அணிகளையும் விட்டுவிடாமல் அவர்களுக்குள் தனி நாக்-அவுட் வைத்துத் தனிக் கோப்பை கொடுக்கலாம். 15 ஆட்டத்தோடு 7 சேர்ந்து 22 ஆகும். எல்லோருக்கும் இரண்டு ஆட்டம் உறுதி. ஊர்த் திருவிழாக்களில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் போட்டி வைக்கிற இளைஞர் மன்றங்களும் இதைச் செய்யலாம்.

பயணப்படி, சாப்பாடு, நடுவர் என்று செலவுக் கணக்கு சொல்பவர்களுக்கும் பதில் இருக்கிறது. ஓர் ஆட்டம் ஆடினாலும் மூன்று ஆட்டம் ஆடினாலும் பேருந்துக் கட்டணம் ஒன்றுதான். சாப்பாடு ஒன்றுதான். விசில் ஊதுபவர்கள் எங்கள் ஆசிரியர்களே. அழைத்து வந்த செலவுக்கு ஒழுங்காகப் பயன் எடுப்பது எந்த முறையில் என்று பார்த்தால் போதும்.

லீக் முறையில் கோளாறே வராது என்று நான் சொல்லமாட்டேன். 2012 லண்டன் ஒலிம்பிக் பாட்மிண்டனில் பிரிவு ஆட்டங்களைக் கொண்டுவந்தபோது, அடுத்த சுற்றில் சாதகமான எதிரணி கிடைப்பதற்காகச் சில மகளிர் இரட்டையர் வேண்டுமென்றே தோற்க முயன்றார்கள். நான்கு ஜோடிகளைப் போட்டியிலிருந்து நீக்கினார்கள். இதற்கும் மருந்து இருக்கிறது. யார் யாரோடு அரையிறுதி ஆடுவார்கள் என்ற சீட்டை லீக் ஆட்டங்கள் எல்லாம் முடிந்த பிறகு, எல்லா அணிகளின் முன்னிலையிலும் குலுக்குங்கள். முன்கூட்டித் தெரியாத எதிரிக்காக யாரும் திட்டமிட்டுத் தோற்க முடியாது. மூன்று அணிப் பிரிவில் முதல் ஆட்டத்தில் தோற்ற அணிதான் காத்திருக்கும் அணியோடு அடுத்து ஆட வேண்டும் என்றும் வைத்துவிடுங்கள். கடைசி ஆட்டம் பெயருக்கு நடக்காமல் உயிரோடு இருக்கும்.

இன்னொரு கருத்தை அடிக்கடி கேட்கிறேன்: “தோல்வியைத் தாங்கப் பிள்ளைகள் பழக வேண்டாமா?” பழகத்தான் வேண்டும். தோல்வியைத் தாங்கப் பழகுவது அடுத்த ஆட்டத்தில்தான். முதல் ஆட்டத்தில் மூன்று முறை பிடிபட்ட ரெய்டர், ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பக் களத்தில் இறங்கி, இந்த முறை போனஸ் கோட்டுக்கு அப்பால் காலை வைக்கலாமா என்று யோசிக்கும்போது கற்றுக்கொள்கிறாள். பேருந்தில் உட்கார்ந்து அழும்போது அவள் கற்றுக்கொள்வது, இந்த விளையாட்டு தனக்கு இல்லை என்பதை மட்டுமே.

என்ன செய்ய வேண்டும்

ஒன்று: 14 வயதுக்குட்பட்டோர் குழுப் போட்டிகள் அனைத்திலும் ஒவ்வோர் அணிக்கும் குறைந்தது இரண்டு ஆட்டம் என்பதைக் கட்டாய விதியாக்க வேண்டும். இரண்டு: 17, 19 வயதுப் பிரிவுகளில் குறுவட்ட அளவில் பிரிவு ஆட்டங்கள் முதலில், பிறகு நாக்-அவுட். மூன்று: மாவட்ட, மாநில அளவில் காலிறுதியிலிருந்து நாக்-அவுட் இருக்கட்டும். அந்த வயதில், அந்த மேடையில், அந்தப் பரபரப்பு பிள்ளைகளுக்கும் வேண்டும். நான்கு: மாவட்ட அணியைத் தேர்ந்தெடுப்பவர்கள் பிரிவு ஆட்டங்களையும் பார்த்து, தோற்ற அணியில் இருக்கும் நல்ல ஆட்டக்காரரின் பெயரையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

இதற்குப் புதிய மைதானம் வேண்டாம், புதிய நிதி வேண்டாம். பிக்ஸ்சர் தாளில் கோடு போடும் விதத்தை மாற்றினால் போதும். நான் ஓய்வு பெற்றுவிட்டேன். இந்த ஆண்டு அந்தத் தாளின் முன் உட்காரப்போகிறவர்கள் என் தம்பி, தங்கைகளான உடற்கல்வி ஆசிரியர்கள். அவர்களிடம் நான் கேட்பது ஒன்றே: அணிகளின் பெயரை எழுதுவதற்கு முன், “இன்று இங்கே வந்த எந்தப் பள்ளியும் இரண்டு ஆட்டத்துக்குக் குறைவாக ஆடிவிட்டுத் திரும்பாது” என்று தாளின் தலைப்பில் எழுதுங்கள். மீதிக் கணக்கு அந்த வரிக்குக் கீழே தானாகப் பொருந்தும்.